அக்காவின் கையிலிருந்து அடுப்பை வாங்கிக்கொண்டது

எனக்கு வயதாகிவிட்டது என்று தெரிந்த நாளிலிருந்து, பார்க்கிறவர்கள் எல்லாம் என்னை எதையாவது தின்னச் சொல்கிறார்கள். வல்லாரை நல்லதாம். பாதாம்பருப்பை ஊறவைத்துத் தோலுரித்துத் தின்றால் ஞாபகம் மங்காதாம். வெண்டைக்காய் தின்றால் கணக்கு வரும் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்வதை எனக்கும் சொல்கிறார்கள். நான் ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். தெரிந்த கொஞ்சநஞ்சமும் ஊர் சுற்றி வந்ததுதான். இன்றைக்கு உனக்கு என்ன வேலை, யாரோடு பேசப் போகிறாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. வாய்க்குள் எதைப் போடுவது என்பதோடு அவர்கள் அக்கறை நின்றுவிடுகிறது. எனக்கு எரிச்சல்தான் வருகிறது. இந்த எரிச்சல் புதிதல்ல. என் அக்கா விஷயத்தில் வந்தது, இன்னும் போகவில்லை.

அக்கா எனக்கு வெகுமூத்தவள். தென்காசியில் மொட்டைக் கோபுரத்துக்குப் பின்பக்கம் ஒரு தெருவில் இட்லிக்கடை வைத்திருந்தாள். அத்தான் செத்த பிறகு ஆரம்பித்த கடை. தெருவைப் பார்த்த ஓர் அறை, பின்னால் வீடு, அதற்கும் பின்னால் சந்து. அந்தக் கடையில்தான் மகனை வளர்த்து, படிக்கவைத்து, போலீஸ் வேலைக்கு அனுப்பினாள். நான் ஒரு வேலையில் நிற்காதவன். புனலூரில் மரம் அறுத்தேன், செங்கோட்டைப் பக்கம் ரயில் பாதையில் கல் கொட்டினேன், ஏலத்தோட்டத்தில் காய்ச்சலில் கிடந்தேன். ஆனியில் சாரல் தொடங்கினால் குற்றாலத்துக்கு வந்துவிடுவேன். பேரருவியிலும் ஐந்தருவியிலும் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்ப்பது என் வேலை. தூங்குவதற்கு அங்கே ஒரு சத்திரம் இருந்தது. சாப்பாட்டுக்கு முடிந்தபோதெல்லாம் தென்காசிக்கு நடந்து அக்காவிடம் போவேன்.

கடையில் அக்கா யாரையும் என்ன வேண்டும் என்று கேட்டுப் பார்த்ததில்லை. இன்னாருக்குச் சட்னி ஆகாது, இன்னாருக்கு இட்லி ஆறியிருக்க வேண்டும், இன்னார் மாமியாரோடு சண்டை போட்ட நாளில் மட்டும் வடை கேட்பார், எல்லாம் அவளுக்குத் தெரியும். வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், இலை போட்டுக்கொண்டே பேசுவாள். தறி நெய்யும் ராவுத்தர் ஒருவர் தினமும் வருவார். அவருக்கும் அவளுக்கும் தினமும் வம்பு.

"ஆச்சி, சட்னியில காரம் தூக்குதே."

"ஏய்யா, ஒம் பொண்டாட்டி வாயைவிடவா தூக்குது? அதைத் தின்னுட்டுத்தான இத்தன வருசம் இருக்கே?"

"அது பழகிட்டு ஆச்சி."

"இதும் பழகும். தின்னு."

இப்படியே காலை முழுவதும். தன் ஐம்பது வயதுகளில் நான் பார்த்த அக்கா இவள்தான். வயது அறுபதைத் தாண்டியும் அவள் புத்தி கத்தி மாதிரி இருந்தது. அந்தக் கத்தியை யார் தீட்டிக்கொண்டிருந்தார்கள் என்று அப்போது நானும் யோசிக்கவில்லை.

ஒரு வருடம், சாரலுக்கு முன்னாலேயே ஊர் திரும்பினேன். கடை இருந்த அறையில் சைக்கிள் கடை இருந்தது. சந்து வழியாகச் சுற்றிப் பின்வாசலுக்குப் போனேன். அக்கா கூடத்தில் புதிதாக வாங்கிய பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சலவைச் சேலை கட்டியிருந்தாள். கையில் ஒன்றுமில்லை. அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"வாலே. சாப்பிட்டியா?" என்றாள். சற்று நேரம் கழித்து, "எப்ப வந்தே, சாப்பிட்டியா?" என்றாள்.

என் மருமகன், அவள் மகன், அப்போது ஏட்டு ஆகியிருந்தான். அவன்தான் நடந்ததைச் சொன்னான். ஒருநாள் சாம்பாரில் உப்பை இரண்டு முறை போட்டுவிட்டாள். இன்னொரு நாள் போடவே இல்லை. அதெல்லாம் கூடப் பரவாயில்லை. இட்லிக் கொப்பரையை அடுப்பில் ஏற்றிவிட்டுச் சந்தில் யாரோடோ பேசப் போய், அங்கேயே நின்றுவிட்டாள். தண்ணீர் வற்றி, துணி கருகி, புகை தெருவுக்கு வந்தபோதுதான் தெரிந்தது. அன்றே கடையை மூடிவிட்டான்.

"வயசாயிட்டு மாமா. இனிமே ஒக்காரட்டும். எவ்வளவு நாள்தான் அடுப்புல வேவா?"

"ஒக்காந்து என்ன செய்வா?"

"என்ன செய்யணும்? மகன் ஏட்டா இருக்கான், ஆத்தா இட்லி அவிச்சு விக்கான்னு ஸ்டேசன்ல எங்காது படவே பேசுதானுவ. நான் கஞ்சி ஊத்தலைன்னு ஆயிடுமா ஆகாதா?"

எங்கள் பக்கத்தில் இதுதான் முறை. மகன் தலையெடுத்தால் தாயை உட்காரவைக்க வேண்டும். உட்காரவைக்காதவனை ஊர் காறித் துப்பும். அவன் அவளுக்கு மரியாதை செய்வதாகத்தான் நினைத்தான். அதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் இல்லை. அதனால்தான் அவனை முழுசாகத் திட்டவும் முடியவில்லை.

"கூட ஒராளப் போட்டு அவளைச் செய்யச் சொல்லலாமில்லா?" என்றேன்.

"மாமா, நீங்க சும்மா இருங்க. வருசத்துல முக்காவாசி நாளு ஊர்லயே இருக்க மாட்டீங்க. வந்து யோசனை சொல்லுதீங்க."

அதுவும் சரிதான். ஆனால் சரியான பேச்சுக்கு எதிரே ஒரு தப்பான காரியம் நடந்துகொண்டிருந்தது. அந்த நாற்காலிக்கு வந்தபின் அக்காவின் மறதி வேகமாகக் கூடத் தொடங்கியது. யாராவது வந்து, "சொகமா ஆச்சி?" என்று கேட்டால் அவள் வாயைத் திறப்பதற்குள் மருமகள், ஏட்டின் மனைவி, "நல்லாயிருக்காக" என்பாள். "ராத்திரி ஒறங்குதாகளா?" என்றால், "எங்க ஒறங்குதாக" என்பாள். அக்கா இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பாள். பிறகு பார்ப்பதையும் விட்டுவிட்டாள். பகலெல்லாம் நாற்காலியிலேயே தூங்கினாள்; இருட்டினால் எழுந்து வாசல் கதவைத் தட்டினாள். வருகிறவர்களும் குறைந்தார்கள். ஏட்டு வீட்டில் ஏதாவது உளறிவைப்பாளோ என்று மகனே சிலரை வாசலோடு அனுப்பிவிட்டான்.

மருமகள் இலஞ்சிக்காரி. எங்கள் முறைப்படி அவளுக்கு நான் சித்தப்பா. கெட்டவள் இல்லை. "நீங்க சொல்லிட்டுப் போயிருவீக சித்தப்பா. அத்தை சீலையில தீப் பிடிச்சா ஊரு என்னையத்தான் கேக்கும்" என்றாள்.

பிறகு மருந்து தொடங்கியது. மருமகன் ஒரு வைத்தியரிடம் வல்லாரை லேகியம் வாங்கிவந்தான். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அவன் ஓர் உருண்டை கொடுப்பான். அவன் கொடுத்தது தெரியாமல் மருமகள் ஓர் உருண்டை கொடுப்பாள். இரண்டு பேரும் கொடுத்தது ஞாபகமில்லாமல் அக்காவே எழுந்து போய் ஓர் உருண்டை எடுத்துப் போட்டுக்கொள்வாள். ஞாபகத்துக்குக் கொடுத்த மருந்து டப்பா எப்படி இவ்வளவு சீக்கிரம் காலியாகிறது என்று அந்த வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை. நான் போய் மூன்று உருண்டைக் கணக்கைச் சொன்னபோது அக்கா தலைவலி வந்து படுத்திருந்தாள். இங்கிலீஷ் டாக்டர் ஒருவரிடமும் காட்டினார்கள். வயசு என்றார் அவர். நாற்காலியைப் பற்றி அவரும் கேட்கவில்லை.

சாரல் தொடங்கியது. ஒருநாள் பேரருவியில் ஒருவருக்கு முதுகு தேய்த்துக்கொண்டிருந்தேன். மருமகன் வந்து தள்ளி நின்றான்.

"அம்மையக் கூட்டிட்டு வாரோம் மாமா. நல்ல எண்ணெயா எடுத்து வைங்க. பொம்பளைப் பக்கம் செய்யுததுக்கு ஒரு ஆளையும் பாத்துத் தாங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கெங்கோயிருந்து பைத்தியம் பிடித்தவர்களைக் குற்றாலத்துக்குக் கூட்டிவருவார்கள். முடியை ஒட்ட வெட்டி, தலை நிறைய எண்ணெய் வைத்து, எலுமிச்சம்பழத்தைத் தேய்த்து, கையைக் காலைப் பிடித்து அருவிக்கு நேர் கீழே நிறுத்துவார்கள். அந்தத் தலைகள் பலவற்றுக்கு நானே எண்ணெய் தேய்த்திருக்கிறேன். தண்ணீர் மண்டையில் விழும். ஆள் மூச்சுத் திணறுவான். கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கிவிடும். "தெளிஞ்சுட்டு" என்று வீட்டார் கும்பிடுவார்கள். குளிரில் பல் கிட்டிக்கொண்டவன் எப்படிச் சத்தம் போடுவான்? வெயில் பட்டு உடம்பு காய்ந்தபின் பழையபடி ஆரம்பிப்பான். அதற்குள் அவர்கள் வண்டி ஏறியிருப்பார்கள்.

"ஏலே, அவளுக்குப் பைத்தியமில்லலே. மறதி. பேச ஆளில்லாம, செய்ய வேலையில்லாம வந்த மறதி."

"மறதி முத்துனா அதானே மாமா? முத்துததுக்கு முன்னால தண்ணியக் காட்டிருவோம்."

"முத்த வைக்கது நீங்கதாம்லே!"

தேய்த்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். "ஏ அண்ணாச்சி, சண்டையை எம் முதுகுல போடாதீக" என்றார். ஆத்திரத்தில் அழுத்திவிட்டேன் போலிருக்கிறது.

ஆள் பார்த்துத் தர முடியாது என்று சொல்லிவிட்டேன். அவனே பார்த்துக்கொண்டான். அருவிக்கரையில் இதற்கென்றே ஒருத்தி இருந்தாள். வழுக்குப் பாறையில் அக்காவைப் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டுமே என்று நானும் கூடப் போனேன். முடியைத் தென்காசியிலேயே வெட்டிக் கூட்டிவந்திருந்தார்கள். அக்காவுக்கு முழங்கால் தொடும் முடி. முக்காட்டுக்குள்ளே தலை பனங்கொட்டை மாதிரி இருந்தது. எங்கே போகிறோம் என்று கேட்டதற்குச் சாமி கும்பிட என்று சொல்லியிருக்கிறார்கள்.

பெண்கள் பக்கத்துத் தடுப்போடு நான் நின்றுவிட்டேன். உள்ளே அருவிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. நெடுநேரம் கழித்து மருமகள் அவளைத் தாங்கிக்கொண்டு வந்தாள். அக்காவின் உதடு நீலமாக இருந்தது. என்னைப் பார்த்தாள். அந்த வருடத்தில் அவள் அவ்வளவு தெளிவாகப் பார்த்து நான் அறியேன்.

"ஏலே, நான் யாரைக் கடிச்சேன்? யாரு மேல கல்லெறிஞ்சேன்? ஒரு சாம்பார்ல உப்புக் கூடுனதுக்கு இதாலே தண்டனை?"

மருமகன் என் தோளைத் தட்டி, "பாத்தீங்களா மாமா, தெளிஞ்சுட்டு" என்றான்.

அவனை அங்கேயே அறைந்திருப்பேன். உடுப்பில் இல்லை அவன். ஆனாலும் சுற்றிலும் அவன் ஸ்டேசன் ஆட்கள் நின்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அக்காவை வண்டியில் ஏற்றினேன்.

காய்ச்சல் வந்து சரியாயிற்று. அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று பின்னால் இருந்தது. முடி வெட்டியது அக்காவுக்கு ஞாபகம் நிற்கவில்லை. காலையில் எழுந்து கொண்டை போடக் கை பின்னால் போகும். அங்கே ஒன்றும் இருக்காது. "எந்தப் பாவி எம் முடிய வெட்டுனது?" என்று அலறுவாள். பேன் விழுந்தது அத்தை என்று மருமகள் சொல்வாள். சமாதானமாகமாட்டாள், அழுது ஓய்வாள். மறுநாள் காலை மறுபடி கை பின்னால் போகும். தினமும் புதிதாக அவள் முடியை வெட்டிக்கொண்டிருந்தோம் என்றுதான் சொல்லவேண்டும். ஒருநாள் நான் இருந்தபோது என்னைக் கேட்டாள். உண்மையைச் சொன்னேன். அவள் அழுத அழுகையைப் பார்த்தபின், அடுத்த முறை பேன் என்றே சொன்னேன்.

ஆடியில் மருமகனைச் சங்கரன்கோவில் தபசுத் திருவிழாவுக்குப் பந்தோபஸ்து என்று அனுப்பினார்கள். அங்கிருந்து வேறெங்கோ கலாட்டா என்று அப்படியே அனுப்பிவிட்டார்கள். அவன் இல்லாத ஒரு காலை நான் போனபோது, மருமகள் அடுக்களை வாசலில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். அக்கா கூடத்தில் முடியைத் தேடி அழுதுகொண்டிருந்தாள்.

"என்னால முடியல சித்தப்பா. நாளெல்லாம் இதே ராமாயணம். நீங்க சொன்னதத்தான் செஞ்சு பாக்கப் போறேன். அவுக வந்து என்னைய வெட்டுனாலும் சரி."

அவள் செய்தது இவ்வளவுதான். உளுந்தை ஊறவைத்து, அக்காவைக் கையைப் பிடித்து ஆட்டுரல் முன்னால் உட்காரவைத்து, "அத்தை, எனக்கு மாவு பொங்கவே மாட்டேங்குது. என்னான்னு பாருங்க" என்றாள். அக்கா குழவியைப் பிடித்தாள். நாலு சுற்றுச் சுற்றினாள். "தண்ணியை இப்படியாட்டீ மொத்தமா ஊத்துவே? ஒங்க இலஞ்சியில இதான் வழக்கமா?" என்றாள். மருமகள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். மாமியாரிடம் திட்டு வாங்கி ஒரு மருமகள் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

மாவு ஆட்டி முடித்து உப்புப் போட்டாள். சற்று நேரத்தில் கை மறுபடியும் உப்புச் சட்டிக்குப் போனது. மருமகள் சட்டியை எடுத்து மேல்பலகையில் வைத்துவிட்டாள். "உப்பு எம் பொறுப்பு அத்தை. மத்ததெல்லாம் நீங்க." அடுப்பில் கொப்பரை இருக்கும்வரை அவளும் அடுக்களையை விட்டு நகரவில்லை. காய் நறுக்கினாள், பாத்திரம் துலக்கினாள், பேச்சுக் கொடுத்தாள். இத்தனை மாதமாக எல்லோருமாகச் சேர்ந்து யோசித்ததில் இது யாருக்கும் தோன்றவில்லை. அக்காவிடமிருந்து உப்பை மட்டும் வாங்கியிருந்தால் போதும். நாங்கள் அடுப்பையே வாங்கிக்கொண்டோம்.

அவித்தது வீட்டுக்கு மிஞ்சியது. சந்தில் போன தறிக்கார ராவுத்தரை நான்தான் கூப்பிட்டேன். பின்வாசலில் நின்றபடியே தின்றார்.

"ஆச்சி, சட்னியில காரம் தூக்குதே."

அக்கா அவரை உற்றுப் பார்த்தாள். பெயர் வரவில்லை. ஆனால் பதில் வந்தது. "தூக்குனா போயி ஒம் பொண்டாட்டிகிட்டத் தின்னு."

"அவ போயிச் சேந்துட்டா ஆச்சி, போன வருசம்."

அக்கா இன்னும் இரண்டு இட்லியை எடுத்து அவர் இலையில் வைத்தாள். "தெரியாமச் சொல்லிட்டேன்யா" என்றாள்.

அவர் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் தறிக்கார வீடுகளிலிருந்து தூக்குச்சட்டியோடு பெண்கள் வந்தார்கள். அடுத்த நாள் இன்னும் சிலர். அக்கா குணமாகிவிட்டாள் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் நானும் லேகியம் விற்கிறவன் ஆகிவிடுவேன். பெயர்கள் திரும்பி வரவில்லை. ஆனால் காலை முழுக்கக் குனிந்து நிமிர்ந்ததில் உடம்பு அசந்து இரவு தூங்கினாள். எழுந்ததும் மாவு பொங்கியிருக்கிறதா என்று பார்க்கப் போனாள். முடியைத் தேடுவது குறைந்தது. வந்தவர்களோடு அவளே பேசினாள். தப்பாகப் பேசினால் அவர்களே சிரித்துத் திருத்தினார்கள்.

ஆவணி வாக்கில் மருமகன் திரும்பினான். பஸ்ஸை விட்டு இறங்கிய உடுப்போடு சந்து வழியாக வந்திருக்கிறான். பின்வாசலில் கூட்டம். தலைப்பாகையும் பூட்ஸுமாக அவன் வந்து நின்றதும் தூக்குச்சட்டிகள் எல்லாம் பின்னால் நகர்ந்தன. மருமகள் கரண்டியோடு எழுந்து நின்றாள். நான் அக்காவின் பக்கத்தில் இருந்தேன்.

"என்ன இது?" என்றான்.

அக்கா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். தட்டை இறக்கிவைத்துவிட்டுக் கையை முந்தானையில் துடைத்தாள்.

"என்னய்யா ஏட்டு, என்ன விசயம்? நான் எங்க வீட்டு வாசல்ல அவிக்கேன். ஒமக்கு என்ன?"

அவன் கரண்டியோடு நின்ற மனைவியைப் பார்த்தான்.

"எம் மகனும் ஏட்டுதான், தெரியும்லா? அவன் ஊர்ல இல்லேன்னு வந்து மெரட்டுதீரா? அவன் வரட்டும். ஆத்தா அடுப்புல ஒருத்தன் கைய வச்சான்னு தெரிஞ்சா அவன் சும்மா விட மாட்டான்."

யாரோ ஒரு பெண் சிரிக்கத் தொடங்கி வாயைப் பொத்திக்கொண்டாள். அக்காவுக்கு உண்மையிலேயே அடையாளம் தெரியவில்லையா, தெரிந்துதான் பேசினாளா, எனக்கு இன்றும் தெரியாது. பழைய அக்காவாக இருந்தால் தெரிந்துதான் பேசுவாள். மருமகன் தலைப்பாகையைக் கழற்றினான். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனான். வேட்டி கட்டிக்கொண்டு அடுக்களைப் பக்கமாக வந்தபோது அக்கா, "எப்ப வந்தே? ஒரு போலீஸ்காரன் வந்து சத்தம் போட்டுட்டுப் போறான்டா" என்றாள்.

அவன் கடையை மூடச் சொல்லவில்லை. திறக்கவும் சொல்லவில்லை. தான் வீட்டில் இருக்கும்போது சந்தில் யாரும் நிற்கக் கூடாது என்று மட்டும் மனைவியிடம் சொன்னான். அவன் டியூட்டிக்குக் கிளம்பியதும் அவள் கதவைத் திறப்பாள். வரும் நேரத்துக்கு மூடுவாள். எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். தாயைப் பேண ஒளிந்து மறைய வேண்டியிருந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் தலை சூடாகிறது. என்றாலும் சில வருடங்கள் ஓடின. நான் குற்றாலத்துக்கு வரும்போதெல்லாம் போய்ப் பார்ப்பேன். ஒரு வருடம் என் பெயர் போயிருந்தது. அடுத்த வருடம் நான் தம்பி என்பதும் போயிருந்தது. ஆனால் சண்டை போட ஆள் கிடைத்துக்கொண்டிருந்ததால் அவள் உயிரோடுதான் இருந்தாள்.

பிறகு மருமகனைச் செங்கோட்டைக்கு மாற்றினார்கள். தென்காசியிலிருந்து கூப்பிடு தூரம்தான். அக்காவுக்கு அது வேறு நாடு. குடியிருந்தது போலீஸ்காரர்களுக்கான லைன் வீடு. நான் போனபோது மருமகள் அங்கேயும் உளுந்து ஊறவைத்து, ஆட்டவைத்து, அவிக்கவைத்திருந்தாள். ஒரு கூடை நிறைய இட்லி. தின்பதற்குத்தான் ஆள் இல்லை.

"இங்க யாரு சித்தப்பா நம்மகிட்ட வந்து இட்லி கேக்கப் போறா? அத்தை கொப்பரையை எறக்கி வச்சிட்டு வாசலையே பாத்துட்டு இருக்காக. ஒருத்தரும் வரலன்னதும் சுருண்டு படுத்துக்கிடுதாக."

எனக்குப் பொறுக்கவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு லைன் வீடுகளில் ஒவ்வொரு வாசலாகப் போய், "இட்லி வேணுமாம்மா?" என்று கேட்டேன். முதல் வீட்டில் பிச்சைக்காரன் என்று நினைத்து ஒருத்தி அரிசி கொண்டுவந்தாள். அடுத்த வீட்டில் ஒரு கான்ஸ்டபிளின் மனைவி, எந்த வீட்டு இட்லி என்று கேட்டாள். சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

"ஏட்டையா வீட்டு இட்லியா? அண்ணாச்சி, காசு குடுத்தா அவுக கோவிப்பாக. குடுக்காம வாங்குனா எங்க வீட்டுல கோவிப்பாக. நாங்க என்னத்தச் செய்ய? வேண்டாம், கொண்டு போயிருங்க."

அதன் பிறகு எல்லா வாசலிலும் இதே முகம்தான். பாதிக் கதவுகள் நான் போவதற்கு முன்பே சாத்திக்கொண்டன. கூடை பாரம் குறையாமல் திரும்பினேன். வழியில் ஒரு மாட்டுத்தொழுவத்துக்காரரிடம் மொத்தத்தையும் கொடுத்துவிட்டு வெறுங்கூடையோடு வீட்டுக்கு வந்தேன்.

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். "வித்துட்டா?"

"எல்லாம் போயிட்டுக்கா."

"அப்ப நாளைக்குக் கூடப் போடணும்" என்று அரிசிப் பானையைத் தேடி நடந்தாள்.

மருமகள் என் பக்கம் திரும்பினாள். அவ்வளவு கோபமாக அவள் என்னைப் பார்த்ததில்லை. "நாளைக்கு யாரு சித்தப்பா திம்பா? நீங்க ராத்திரி ரயிலுக்குப் போயிருவீக."

நான் போகவில்லை. மறுநாள் காலை கூடையோடு மலையாளச் சீமையிலிருந்து பஸ் வந்து நிற்கும் இடத்துக்குப் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. முதல் பஸ்ஸில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அடுத்ததில் ஒரு ஆள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "சூடுண்டோ?" என்று கேட்டான். உண்டு என்றேன். பொய்தான், ஆறிப்போயிருந்தது. வாங்கித் தின்றுவிட்டு, "சட்ணி எரிவா" என்று காரத்துக்கு முகத்தைச் சுளித்தான். வீட்டுக்கு வந்து அதை அப்படியே அக்காவிடம் சொன்னேன்.

"எவன் சொன்னான்? கூட்டிட்டு வாலே அவனை" என்றாள்.